அட்டையில் இல்லாத நான்காவது தடவை

என் வலது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, கடுகளவில் ஒரு நீலப் புள்ளி இருப்பதை முதலில் கண்டவள் என் மனைவி மனோன்மணி. தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தவள் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கண்ணுக்க மை பட்டிருக்கு."

"கண்ணுக்க எப்பிடி மை படும்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். பேனையைக் காதில செருகிக்கொண்டு திரியிற ஆள்."

ஓய்வு பெற்ற பிறகு ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஆகவே குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. கண்ணைத் தண்ணீரில் கழுவினேன். புள்ளி போகவில்லை. இரண்டு கிழமையாகவே அந்தக் கண் சிவந்து, உள்ளுக்குள் யாரோ பெருவிரலால் அமர்த்திக்கொண்டிருப்பது போல நொந்தது. மூக்குக்கண்ணாடியின் பிழை என்று தீர்ப்பளித்திருந்தேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஒரு கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். முதற் பாதி, நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு இயந்திரப் படகில் போய்க் கடதாசிகளைச் சரிபார்ப்பது. மறு பாதி, கதிரையில் இருந்து மற்றவர்களின் கடதாசிகளைச் சரிபார்ப்பது. பிரதம எழுதுவினைஞராக இளைப்பாறினேன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் படுத்துக் கிடக்கும், யார் தட்டினால் எழும்பும் என்பதெல்லாம் இந்த ஊரில் என்னைக் கேட்டுத்தான் அறிவார்கள். ஒன்பது வயதில் பந்து பட்டதால் இடது கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரியும். அதாவது எனக்கு இருப்பது ஒரு கண். மற்றது சோடிக்கு.

ஆஸ்பத்திரியில் கண் பகுதி செவ்வாய்க்கிழமைகளில். காலை ஆறு மணிக்கு இலக்கத் துண்டு எடுத்து, சுவரோரம் போட்டிருந்த வாங்கில் வரிசையாக நகர்ந்து நகர்ந்து பதினொரு மணிக்கு டொக்டர் முன்னால் போய்ச் சேர்ந்தேன். முதலாமவர் அழற்சி என்று சொட்டு மருந்து தந்தார். பத்து நாளில் கடுகு பயறளவானது. இரண்டாமவர் காசநோய் கண்ணிலும் வரும் என்றார். முன்கையில் ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரத்தம் மூன்று குழாய்களில் போனது. மூன்றாவது குழாய் எதற்கென்று கேட்டேன். தாதி சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். எழுதுவினைஞனுக்கு மேசைக்கு அப்பால் இருக்கும் படிவத்தைத் தலைகீழாக வாசிக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கப்பற்காரர் கரையிறங்கிய இடங்களில் சம்பாதித்துக்கொண்டு வரும் வியாதிக்கான சோதனை அது. படிவத்தின் மேலே 'துறைமுக ஊழியர்' என்று எழுதியிருந்ததால் எனக்குக் கிடைத்த மரியாதை.

"மூண்டாவது என்ன சோதினையாம்?" என்று மனோன்மணி கேட்டாள்.

"சீனி" என்றேன்.

எல்லாச் சோதனையும் நல்லபடி வந்தது. அதனால் என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாமல் போனது.

மூன்றாவதாகப் பார்த்தவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த கண் சத்திரசிகிச்சை டொக்டர். என் மகள் வயதுப் பெண். யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. நாடியை ஓர் இயந்திரத்தின் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் கீற்று வெளிச்சம் ஒன்றை விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்ற இருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஐயா, இந்தக் கண்ணில முந்தி ஏதாவது செய்தவையோ?"

"சதை வளர்ந்தது. கொழும்பில வெட்டி எடுத்தவை. பதினைஞ்சு வருசமிருக்கும்."

"வெட்டின பிறகு?"

"கதிர் பிடிச்சவை."

டொக்டர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னை முழுதாகப் பார்த்தார்.

கடல் வெளிச்சத்தில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு, மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து சதை விசிறி போல விரிந்து கருவிழி மேல் ஏறும். சல்லி, நிலாவெளிக் கரைகளில் படகுக்குப் போகிறவர்களின் கண்களைப் பார்த்தால் தெரியும். வெட்டினாலும் திரும்ப வளரும். வளராமல் இருக்க அந்தக் காலத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு மரப்புச் சொட்டு விட்டு மல்லாக்கக் கிடத்துவார்கள். பென்சில் நீளத்தில் ஓர் உலோகக் காம்பு. அதன் நுனியில் சட்டைப் பொத்தானளவு குழிந்த தகடு. அதை வெட்டிய இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, நிறுத்து கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் எண்ணுவார். ஒரு நிமிடம் கூட ஆகாது. நோவில்லை, சூடில்லை, சத்தமில்லை. கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை.

தகட்டுக்குள் ஸ்ட்ரோன்சியம் என்ற பொருள் இருந்தது. அதிலிருந்து வருவது வெளிச்சம் போன்ற கதிரல்ல, துகள் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அணுவைச் சுற்றும் இலத்திரன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான் வெகு வேகத்தில் வருகிறது. சில மில்லிமீற்றர் தூரம் போனதும் நின்றுவிடும். அதனால் கண்ணின் உட்பகுதிக்குப் பெரிய ஆபத்தில்லை என்று நம்பினார்கள். ஆனால் அந்தச் சில மில்லிமீற்றருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது தாக்கும். கெட்ட சதை, நல்ல சதை என்று அதற்கு விலாசம் தெரியாது. வேகமாக வளரும் சதை உடனே சாகும். அதுதான் சுகம் என்று நாங்கள் வீட்டுக்குப் போவது. நல்ல சதை சாகாது. அதற்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மட்டும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபடும். இரத்தம் வராத இடத்தில் பழுது பார்க்க ஆளில்லை. என் கண்ணின் வெள்ளை அந்த இடத்தில் கடதாசியளவுக்குத் தேய்ந்துவிட்டது. மனோன்மணி மை என்று கண்டது, உள்ளே இருக்கும் கறுப்புப் படலம் வெளியே தெரிந்த நிறம்.

"சுகப்படுத்தினதும் அதுதான், பழுதாக்கினதும் அதுதானோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா."

"ஒரே நேரத்திலயோ?"

"ஒரே நேரத்தில. ஆனால் ஒண்டு அப்பவே தெரிஞ்சது. மற்றது இப்பத்தான் தெரியுது."

முப்பத்தொரு வருடத்தில் நான் பார்த்த எந்தக் கடதாசிக் கோவையும் இப்படி நடந்துகொண்டதில்லை. எனக்கு விளங்கியது போலவும் விளங்காதது போலவும் இருந்தது. இன்றும் அப்படித்தான்.

ஓட்டை விழுந்தால் கண் வற்றிவிடும் என்று சொல்லி அன்றே வாட்டில் கட்டில் தந்து மறித்துவிட்டார்கள். இறந்த யாரோ தானம் செய்த கண்ணின் வெள்ளையில் ஒரு துண்டு கொழும்பிலிருந்து தெர்மோஸ் போத்தலில் ஐஸ் போட்டு றெயிலில் வரும். அதை என் கண்ணில் ஒட்டுப் போடுவார்கள். யாருடையது என்று கேட்டேன். அது கேட்கும் வழக்கமில்லை என்றார்கள். வழக்கத்தை மதிக்கிற ஆள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனம் அந்த முகம் தெரியாதவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் இருந்த காலத்தில் எதைப் பார்த்திருப்பாரோ.

ஒட்டுப் போடுவது பெரிய காரியமல்ல, அதை மூடுவதுதான் காரியம் என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். ஒட்டு உயிர்பிடிக்க அதன் மேல் இரத்த ஓட்டமுள்ள தோல் வேண்டும். கதிர் மூன்று தடவைதான் என்றால் பக்கத்துத் தோலையே இழுத்து மூடலாம், சின்ன வேலை. அதற்கு மேல் என்றால் பக்கத்துத் தோலையும் நம்ப ஏலாது, ஒட்டு அழுகும், கண் போகும். அப்போது மேல் இமைக்குள்ளிருந்து தோல் கொண்டுவர வேண்டும். அது பெரிய வெட்டு. பிறகு கண் சரியாகத் திரும்பாது, தையல் இழுத்துக் கருவிழி கோணினால் அந்த ஒரு கண்ணுக்கே பொருட்கள் இரண்டாகத் தெரியக்கூடும். தேவையில்லாமல் அதைச் செய்ய அவருக்கு விருப்பமில்லை.

"எத்தனை தரம் பிடிச்சவை எண்டு திட்டமாத் தெரியுமோ?"

திட்டமாகவா! மனோன்மணியை வீட்டுக்கு அனுப்பி, அலுமாரியின் இரண்டாம் தட்டிலிருந்த கோவையை எடுப்பித்து, அந்தப் பழைய சிகிச்சை அட்டையை மறுநாள் டொக்டரின் கையில் கொடுத்தேன். மூன்று வரிசை, மூன்று திகதி, மூன்று கையெழுத்து. டொக்டருக்கு ஆச்சரியம்.

"ஐயாவைப் போல எல்லாரும் கடதாசி வச்சிருந்தால் எங்களுக்கு என்ன கஷ்டம்!"

அந்த வார்த்தையைப் போர்த்துக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாக்காரர் ஒருவர், காசீம் காக்கா. மாட்டு வியாபாரி. கண்ணில் வெண்படலம் வெட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். கண்கள் இரண்டும் கட்டியிருந்தாலும் வாய்க்குக் கட்டில்லை. என் கதையை முழுதாகக் கேட்டவர், மல்லாக்கக் கிடந்தபடியே சொன்னார்.

"கிளாக்கர் ஐயா, மாட்டுக்குக் குறி சுடுறது கண்டிருக்கீங்களா? ஒருக்காச் சுட்டா வடு. நல்லாத்தான் கெடக்கும். மயிர் முளைக்காது, அவ்வளவுதான். கள்ளன் புடிச்சி அதுக்கு மேலயே இன்னொரு குறி போட்டான் எண்டு வைங்க. கொஞ்ச வருசத்துக்கு ஒண்டும் தெரியாது. பொறகு ஒரு முள்ளுக் கீறினாப் போதும், அந்தப் புண் ஆறாது. நான் மாடு வாங்கக்குள்ள கையால தடவிப் பாத்துத்தான் வாங்குறது. வவுச்சர் எல்லாம் பொறகு."

"வவுச்சர் இல்லாட்டி மாடு உங்கட எண்டு எப்பிடிக் காட்டுவீங்கள்?"

"மாட்டுக்குத் தெரியும்ல, ஐயா."

இப்படிப்பட்டவர்களுக்கென்றே என்னிடம் ஒரு கதை இருந்தது. கந்தோரில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு எழுதுவினைஞனுக்கும் முதல் நாளே அதைச் சொல்வேன். பின்னேரம் நாலு மணிக்கு, மனோன்மணி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து கட்டிலோரம் இருந்தபோது, காசீம் காக்காவுக்கும் சொல்லத் தொடங்கினேன்.

மூன்றாம் தடவைக் கதிருக்காக நான் போயிருந்தேன். கதிர் அறையில் இருந்தவன், "உங்களுக்கு முடிஞ்சுது, போன கிழமை வந்தனீங்கள்தானே" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தான். நான் அட்டையை நீட்டினேன். டொக்டர் எழுதியது மூன்று. கையெழுத்து இருப்பது இரண்டு. "எழுத்தில் இல்லாத ஒன்று நடக்கவில்லை, தம்பி" என்றேன். அவன் மேலாளைக் கூட்டிவந்தான். மேலாள் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தகட்டை எடுக்கச் சொன்னார். அன்று நான் விட்டுக்கொடுத்திருந்தால் சிகிச்சை அரைகுறையாகப் போயிருக்கும்.

"பாத்தீங்களோ காக்கா? கடதாசி!" என்று முடித்தேன்.

மனோன்மணி இடியப்பத் தட்டை மூடினாள்.

"அது நாலாவது" என்றாள்.

"என்ன நாலாவது?"

"நீங்கள் சண்டை பிடிச்ச நாள். மூண்டாம் தரம் அதுக்கு முதல் கிழமையே முடிஞ்சுது. அண்டைக்கு அட்டை எழுதுற பிள்ளை நேரத்தோட வீட்டை போயிட்டுது. அடுத்த கிழமை வந்து கையெழுத்து வாங்கிறன் எண்டீங்கள். கையெழுத்து வாங்கப் போய்க் கதிர் வாங்கிக்கொண்டு வந்தீங்கள்."

காசீம் காக்காவின் வயிறு மணல் மூட்டைகளுக்கு நடுவே குலுங்கியது. சிரித்தால் தையல் விடும் என்று தாதி அவருக்குச் சொல்லியிருந்தாள்.

"என்ன விசர்க் கதை இது! நாலு எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு கிழமை தங்கச்சி வீட்டில நிண்டனாங்கள். மூண்டு கிழமையும் அவளின்ர மனுசன் சிரிச்சுக் கதைச்சவர். நாலாம் கிழமை முகம் குடுக்கேல்லை. சோத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்ச் சாப்பிட்டவர்."

கொழும்பு வெள்ளவத்தையில் என் சகலன் கோப்பையோடு எழும்பிப் போனது எனக்கும் ஞாபகம் இருந்தது. மறக்கக்கூடிய அவமானமல்ல. டொக்டர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதலாம் திகதிக்கும் இரண்டாம் திகதிக்கும் இடையில் ஏழு நாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பதினான்கு. நடுவில் ஏதோ விடுமுறை வந்திருக்கும் என்று இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். எந்த விடுமுறை? நினைத்துப் பார்த்தால் விடுமுறையும் ஞாபகமில்லை, மூன்றாம் தடவையும் ஞாபகமில்லை. மல்லாக்கக் கிடந்தது, தகட்டின் குளிர்ச்சி, எண்ணுகிற குரல், இவை ஞாபகம். அது எத்தனை நாள் நடந்தது என்று உள்ளே தேடினால், எல்லா நாளும் ஒரே நாளாகக் கிடக்கிறது.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆக்களுக்குச் சொல்லுற கதைக்குள்ள நான் ஏன் வாறது? கண்ணும் நல்லாத்தானே இருந்தது. ஒண்டு கூடவெண்டால் இன்னும் நல்லதாக்கும் எண்டு நினைச்சன்."

அவள் குரல் அந்த இடத்தில் இறங்கியது. அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். மணி அடித்தது. பார்க்க வந்தவர்கள் போனார்கள். கண் கட்டிய காசீம் காக்கா மெல்லச் சொன்னார்:

"டொக்டரம்மாட்டச் சொல்லுங்க, ஐயா. வெக்கப்படாம."

வெட்கம் மட்டுமல்ல. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான்கு என்று சொல்லி அது மூன்றாக இருந்தால், இருக்கிற ஒரே கண்ணை வீணாகக் கோணலாக்கிக்கொள்கிறேன். மூன்று என்று சொல்லி அது நான்காக இருந்தால், கண்ணே இல்லை. ஒரு பக்கம் கையெழுத்திட்ட ஆவணம். மறுபக்கம் சகலனின் முகம். கந்தோரில் இப்படியொரு மனு என் மேசைக்கு வந்திருந்தால், 'ஆதாரம் போதாது' என்று எழுதி ஒரு நொடியில் திருப்பியிருப்பேன்.

காலையில் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக வந்தபோது டொக்டரைக் கூப்பிட்டுத் தரச் சொன்னேன். அட்டை சொல்வது, மனோன்மணி சொல்வது, இரண்டையும் சொன்னேன். சண்டையையும் சொன்னேன். முதன்முறையாக அந்தக் கதையைச் சிரிக்காமல் சொன்னேன்.

"ஐயா எதை நம்புறீங்கள்?"

"எனக்குத் தெரியேல்லை, டொக்டர்."

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் முன்னால் நான் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை காலமென்று நினைவில்லை. டொக்டர் அட்டையின் திகதிகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"அப்ப நான் அம்மா சொன்னதை எடுக்கிறன். அம்மா பிழையெண்டால் கண் கொஞ்சம் கோணும். அட்டை பிழையெண்டால் கண் போயிடும்."

கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கப் பண்ணித்தான் செய்தார்கள், மயக்கமில்லை. முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். சாமான்கள் தட்டில் வைக்கும் சத்தமும், டொக்டர் உதவியாளருக்குச் சொல்வதும் கேட்டன. புள்ளிக்குப் பக்கத்துத் தோலை வெட்டினார்கள். பிறகு டொக்டர் சொன்னார்:

"பார், ரத்தமே வரேல்லை."

அவ்வளவுதான். நான் துணிக்குக் கீழே கிடந்து, வெட்டினால் இரத்தம் வராத அந்த அரை அங்குலத்தை நினைத்தேன். அது என் உடம்புதான். பதினைந்து வருடம் என்னோடு இருந்தது, கந்தோருக்கு வந்தது, மகளின் கலியாணத்தைப் பார்த்தது. அதற்கு இப்படி நடக்கிறது என்று எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. மேல் இமைக்குள் வெட்டத் தொடங்கியதும் சூடாகக் கன்னத்தில் வழிந்தது. "இஞ்ச இருக்கு" என்றார் டொக்டர். இரத்தம் வழிவதில் ஒருவன் சந்தோஷப்படுவான் என்று நான் அன்றுதான் அறிந்தேன்.

ஐந்து நாள் கட்டு. இடது கண்ணுக்குப் பகலும் இரவும் மட்டுமே தெரிந்ததால் நான் குருடன்தான். மனோன்மணி சோறு தீத்திவிட்டாள், கழிவறைக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக் கூட்டிப்போனாள், மீனில் முள் எடுத்தாள். அந்த ஐந்து நாளும் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பது வேறு. காசீம் காக்கா போகும்போது என் தோளைத் தடவி, கண் கட்டின் மேல் விரலைப் பட்டும் படாமலும் வைத்து, "மாடு நல்ல மாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டு அவிழ்த்தார்கள். ஒட்டு உயிர்பிடித்திருந்தது. நேரே பார்த்தால் மனோன்மணி ஒருத்தி. இடது பக்கம் பார்த்தால் இருவர், ஒருவரை ஒருவர் தோளால் இடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் குறையும், முழுதும் போகாது என்றார் டொக்டர்.

"அப்ப நாலுதானே, டொக்டர்?"

"சொல்ல ஏலாது, ஐயா. மூண்டு தரத்திலயே சிலருக்கு இப்பிடி வரும். நாலு பிடிச்ச சிலருக்கு ஒண்டும் வராது. ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. படிப்பிச்சவைக்கும் விளங்கேல்லை."

விளங்காததற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, இதைக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியது. மறு பாதி இறங்கவில்லை. என் வாயால் சண்டை பிடித்து நான் வாங்கியதா, அல்லது தானாக வந்திருக்கக்கூடியதா என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

என்னோடு படகில் போய்வந்தவர்களில் சிலருக்கும், கரையில் வேறு சிலருக்கும் அந்தக் காலத்தில் இதே சிகிச்சை நடந்தது. அவர்களில் சிலரை அங்கே அனுப்பியதே நான்தான். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடியின் முன் நின்று, காதுப் பக்கமாக விழியைத் திருப்பி, மூக்கோர வெள்ளையைப் பாருங்கள். நீலமோ சாம்பலோ தெரிந்தால் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் இராதீர்கள். எத்தனை தடவை என்று டொக்டர் கேட்டால், அட்டையையும் காட்டுங்கள், கூட வந்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டுக்கு விடும் அன்று கையில் நோய் விவரத் துண்டு தந்தார்கள். வாட்டு வாசலில் நின்று, துண்டை முகத்துக்கு நேரே பிடித்து, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத தூரத்தைக் கண்டுபிடித்து வாசித்தேன். மனோன்மணி பொதிகளோடு பக்கத்தில் நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"முந்தி துகள் கதிர்ச் சிகிச்சை. நாலு தடவை. நோயாளியின் மனைவி சொன்னபடி."

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"வேற?"

"சொட்டு மருந்து, நாளுக்கு ஆறு தரம்."

"அதை நீங்கள் எண்ண வேண்டாம்" என்று சொல்லித் துண்டை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.